ஜன்னல் கதவில் ஆடும் பலகை: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

மீனா: பெரியமாமா, ஜன்னல்களுக்குச் செய்யக் கொடுத்திருந்த மரக்கதவுகளில் முதல் ஜோடியை இன்று பட்டறையில் பார்த்தேன். சட்டத்துக்கு நடுவில் உள்ள பலகையை விரலால் தள்ளினால் இலேசாக ஆடுகிறது. பசை வைக்க மறந்துவிட்டாரா என்று தச்சரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தது.

பெரியமாமா: மறக்கவில்லை அம்மா, தெரிந்தேதான் விட்டிருக்கிறார். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அகலவாட்டில்தான் மழைக்காலத்து ஈரத்தைக் குடித்து உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். அந்தப் பலகையைச் சட்டத்தின் உள்ளோரத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசை வைத்து இறுக்கிவிட்டால், உப்பும்போது சட்டத்தின் மூலைகளை நெக்கித் தள்ளும், சுருங்கும்போது தானே நடுவில் வெடிக்கும். மூலையில் ஒரு சட்டத்தின் நாக்கு மற்றதன் துளைக்குள் இறங்குகிறதே, பசை அங்கே இருந்தால் போதும்.

ரவி: எங்கள் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையோடு பிடித்துக்கொள்கிறது என்று இரண்டு முறை ஓரத்தை இழைத்தேன், மாமா. இப்போது கோடையில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறது.

பெரியமாமா: உப்பியிருக்கும்போது இழைத்தால் வேறென்ன ஆகும், ரவி? முதலில் ஈரம் புகும் வழியை அடைத்திருக்க வேண்டும். மீனா, அறுத்த மரத்தை ஈரப்பதமானி வைத்துப் பார்க்கச் சொல். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. 20 சதவீதத்தைத் தாண்டினால் அது இன்னும் உலர வேண்டிய மரம்.

சித்தி: மீனா அனுப்பிய படத்தில் ஒரு சட்டத்தின் ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறதே, அண்ணா. தேக்கு என்றுதானே சொன்னார்கள்?

பெரியமாமா: நன்றாகக் கவனித்தாய். அதுவும் தேக்குதான், ஆனால் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி. மரத்தின் நடுவில் முற்றி நிறம் ஏறிய பகுதியைத்தான் வைரம் என்பது. தேக்குக்குப் பெயர் வாங்கித் தந்த எண்ணெய்ப் பசையும் பூச்சியைத் தாங்கும் குணமும் வைரத்தில்தான் இருக்கின்றன. வெயிலும் மழையும் படுகிற கதவில் அந்தச் சட்டம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடு.

ரவி: மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையில் செய்து வண்ணம் அடித்தால் இந்தத் தொல்லையே இருக்காதே?

பெரியமாமா: வீட்டுக்குள் மாட்டுவதற்குச் சரி. வெளியே என்றால், வண்ணத்தில் ஒரு கீறல் விழுந்து நீர் இறங்கினாலே ஊறிப் புடைத்துவிடும். பிறகு பழைய கனத்துக்குத் திரும்பாது.

மீனா: வண்ணமெல்லாம் சட்டத்தையும் பலகையையும் சேர்த்துக் கதவாக்கி முடித்த பிறகு அடிக்கலாம் என்கிறார், மாமா.

பெரியமாமா: சட்டத்துக்கு அது பொருந்தும், பலகைக்குப் பொருந்தாது. பலகையைக் காடியில் செருகுவதற்கு முன்பே நான்கு விளிம்புகளுக்கும் வண்ணம் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடையில் அது சுருங்கும்போது, அதுவரை காடிக்குள் ஒளிந்திருந்த வண்ணம் படாத மரம் வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். கீலுக்குப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி கேள். சாதாரண இரும்பு ஈர மரத்தில் கறுப்புக் கறையை இறக்கிவிடும்.

மீனா: இன்னொன்றும் பார்த்தேன். கதவைத் தலைகீழாகத் திருப்பியபோது செங்குத்துச் சட்டங்களின் அடிமுனை வெறும் மரமாகவே இருந்தது.

பெரியமாமா: நீர் மிக வேகமாக ஏறும் இடமே அந்த வெட்டுமுனைதான், ரவியின் கதவு உப்புவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். மாட்டிய பிறகு அங்கே தூரிகை நுழையாது. நாளைக் காலையிலேயே போய், இரண்டு முறை பூசி உலரவிட்ட பிறகு கீல் அடித்தால் போதும் என்று சொல்லிவிட்டு வா.

ரவி: என் கதவுகளை இந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன், மாமா.