நிலாவுக்குச் சோறூட்டும் பெண்: ரெமேதியோஸ் வாரோவை எப்படிப் பார்ப்பது?

தங்கச்சிமடத்துக்காரி:
வணக்கம். ஓவியம் முறையாகப் படித்ததில்லை, நானாக வரைந்து பழகுகிறேன். கொஞ்ச நாளாக ஸ்பெயினில் பிறந்த சர்ரியலிஸ்ட் பெண் ஓவியர் ரெமேதியோஸ் வாரோவின் படங்களைத்தான் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1958இல் வரைந்த ஒரு படம்: வானத்தில் தனியாக ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு பெண் நட்சத்திரங்களை ஆலையில் போட்டு அரைத்து, கூண்டில் இருக்கும் பிறைநிலாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிறாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது சாமி படமா, பேய் படமா?" என்று கேட்டார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. தேடினால் சர்ரியலிசம் என்றால் கனவு, அடிமனம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர், இவர் குர்ஜீஃப் என்ற ஆன்மிக குரு, ரசவாதம், டாரட் என்ற குறி பார்க்கும் சீட்டு எல்லாம் படித்தவர், அது தெரியாமல் படம் விளங்காது என்கிறார்கள். இதில் ஆன்மிகம் என்று எதைச் சொல்கிறார்கள்? அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டுத்தான் பார்க்கணுமா?

பாம்பன் காற்று:
தங்கச்சி, கனவை முதலில் ஓரமாக வைம்மா. பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் அறிவின் பிடியை விட்டுக் கையை அதன் போக்கில் ஓடவிடச் சொன்னவர்கள். வாரோவும் 1937இல் ஸ்பெயினிலிருந்து அங்கே போய் அவர்களோடு பழகியவர்தான், ஆனால் போருக்குத் தப்பி 1941இல் மெக்சிகோ வந்த பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. அப்பா நீரியல் பொறியாளர், சின்ன வயதிலேயே மகளுக்குத் தொழில்நுட்ப வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கை கடைசிவரை மாறவில்லை. படத்தை முழு அளவில் தாளில் போட்டு முடித்த பிறகுதான் பலகைக்கு மாற்றுவார். தற்செயலுக்கும் இடம் கொடுப்பார், ஈர வண்ணத்தின் மேல் ஒன்றை அழுத்தி எடுத்தால் பாசி படிந்தது போலத் தடம் விழுமே, அப்படி.

'பறவைகளின் படைப்பு' (1957) பார்த்தாயா? ஆந்தை முகத்தோடு ஒரு பெண். அவள் தூரிகை கழுத்தில் தொங்கும் வயலினோடு இணைந்திருக்கிறது. இன்னொரு கையில் முப்பட்டைக் கண்ணாடி, அதன் வழியாக நட்சத்திர ஒளி தாளில் விழுகிறது, பக்கத்தில் ஒரு வடிகலம் வண்ணங்களைச் சொட்டித் தருகிறது, வரைந்த பறவை எழுந்து பறக்கிறது. என்னைக் கேட்டால் ஆன்மிகம் அங்கேதான் இருக்கிறது. ஒளி மேலிருந்து வருவது சரி, ஆனால் குழாயும் கண்ணாடியும் ஒழுங்காகப் பொருத்தாவிட்டால் ஒரு பறவையும் பறக்காது.

கீழக்கரை காக்கா:
தம்பி சொன்னது சரி. ஆனால் குர்ஜீஃபை அப்படியே தள்ளிவிட முடியாது. பூமியில் உள்ள உயிர்கள் எல்லாம் நிலாவுக்கு இரை என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அதைத் தெரிந்துகொண்டு நீ சொன்ன படத்தை மறுபடி பாரம்மா, அந்தக் கரண்டி கொஞ்சம் பயமுறுத்தும். நம் வீடுகளில் நிலாவைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறூட்டுவோம், இங்கே நிலாவே பிள்ளை, அதுவும் கூண்டுக்குள். அவள் முகத்தில் எனக்குத் தெரிவது சோர்வுதான். ஆனால் அந்தச் சோர்வைப் பார்க்கப் புத்தகம் எதுவும் வேண்டாம்.

மண்டபம் வாசகன்:
குருமார்களை ரொம்பத் தூக்குகிறீர்கள். வாரோ கன்னிமாடப் பள்ளியில் படித்தவர். 1961இல் வரைந்த படத்தில் கோபுரத்துக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உலகத்தையே துணியில் பூவேலையாகத் தைக்கிறார்கள், முக்காடு போட்ட ஒரு பெரியவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறார். அதில் ஒருத்தி துணி மடிப்புக்குள் தன்னையும் காதலனையும் ரகசியமாகத் தைத்து வைத்துவிடுகிறாள். அடுத்த படத்தில் இருவரும் தப்பிப் போகிறார்கள். சொல்லிக்கொடுத்தவரையும் தாண்டிப் போவது அவருடைய தேடலில் உண்டு. கிண்டலும் உண்டு, கனவு வரவழைக்கச் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்த ஆள். வயிற்றுப்பாட்டுக்கு மருந்துக் கம்பெனி விளம்பரப் படம் வரைந்திருக்கிறார், வெனிசுவேலாவில் மலேரியா ஒழிப்புக்காகப் பூச்சிகளை வரைந்திருக்கிறார். அங்கே போய் வந்து பல வருஷம் கழித்து, 1959இல்தான் அந்த நாட்டு ஒரினோகோ நதியின் மூலத்தை வரைந்தார். மேலங்கி மாதிரியான ஒரு படகில் ஒரு பெண் அவ்வளவு தூரம் போகிறாள், போன இடத்தில் மரப்பொந்துக்குள் ஒரு கண்ணாடிக் கோப்பை, அதிலிருந்து தண்ணீர் வழிகிறது. அவ்வளவுதான். சாமியும் இல்லை, பேயும் இல்லை.

தங்கச்சிமடத்துக்காரி:
எல்லாருக்கும் நன்றி. ஒரிஜினல்கள் எங்கே இருக்கின்றன? அப்புறம் பாம்பன் அண்ணே, அந்த அழுத்தி எடுக்கிற வேலை போஸ்டர் கலரில் வருமா? எண்ணெய் வண்ணம் கட்டுப்படியாகாது.

பாம்பன் காற்று:
நிறையப் படங்கள் மெக்சிகோ நகரத்து நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போவது ஆகிற காரியமில்லை. பஸ் ஏறி ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பார். சர்ரியலிசம் இல்லைதான். ஆனால் தேவி சேதுபதி மன்னருக்குச் செங்கோல் கொடுப்பதை, பக்கத்தில் நடக்கும் போரையும் தர்பாரையும் போட்ட அதே கோட்டில் போட்டிருக்கிறார்கள், தெய்வம் வந்தது என்பதற்காகத் தனி வெளிச்சம் எதுவும் கிடையாது. வாரோவும் அதைத்தான் செய்தார்.

போஸ்டர் கலரில் தாராளமாக வரும். 1930களில் ஓஸ்கார் தொமிங்கெஸ் என்ற ஓவியர் இந்த முறையை சர்ரியலிஸ்டுகளிடம் கொண்டுவந்தபோது அவரும் நீரில் கரையும் கருப்பு வண்ணத்தில்தான் செய்தார். வண்ணத்தைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துக்கொள், வழவழப்பான தாள் எடு, ஜன்னலைச் சாத்திக்கொள், நம் ஊர்க் காற்றில் நீ அழுத்துவதற்குள் காய்ந்துவிடும்.