வசவுக்குப் பயந்து புண்ணை மறைத்தால் யார் பொறுப்பு?

பாம்பன்காரன்:
நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கப் போகிறவர்கள் பாதி நாள் வசவையும் சேர்த்துத்தான் வாங்கி வருகிறார்கள். "போன மாசம் ஏன் வரல?" என்று வரிசைக்கு நடுவில் சத்தம் போடுகிறார்கள், பதில் சொல்லவும் விடுவதில்லை. என் அத்தை கடல்பாசி எடுக்கப் போகிறவர், சர்க்கரை உண்டு. பாறை கிழித்த கால் புண்ணைக் காட்டாமல் மாத்திரையை மட்டும் வாங்கி வந்துவிட்டார். காட்டினால் இன்னொரு ஏச்சு விழும் என்ற பயம். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி குறையும், புண் வலிக்காமலே பெருகும். கடைசியில் விரலை எடுத்தார்கள். அங்கே மருந்துக்கா பஞ்சம்?

மண்டபம் செவிலி:
அத்தைக்கு நடந்தது கொடுமைதான் தம்பி. ஆனால் காலை ஓ.பி.யில் பிரஷர் பார்ப்பது, ஊசி, கட்டு, ரிஜிஸ்டர், நடுவில் வரும் பிரசவ கேஸ் எல்லாம் ஒரே ஆள் தலையில் விழுகிறது. சிரித்துப் பேசினால் சர்க்கரை இறங்கிவிடாது. கண்டித்துச் சொன்னதால் மாத்திரையை விடாமல் போடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

கீழக்கரை மாணவி:
அக்கா, பேச்சுக்கும் பலன் உண்டு என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். டெட் காப்ட்சக் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சும்மா காத்திருந்தவர்களில் 28 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். அதிகம் பேசாமல் போலி அக்குபங்சர், அதாவது ஊசி குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தபோது 44 சதவீதம். அதே போலி அக்குபங்சரோடு அன்பாகப் பேசி, காதுகொடுத்துக் கேட்டபோது 62 சதவீதம்.

ராம்நாடு லேப்:
அதே ஆய்வாளரும் பங்கெடுத்த 2011 ஆஸ்துமா ஆய்வையும் படியுங்கள். நிஜ இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர் மூன்றிலும் நோயாளிகள் சொன்ன முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான்: 50, 45, 46 சதவீதம். ஆனால் ஊதவைத்து அளந்தால் நிஜ மருந்தில் மூச்சுத் திறன் 20 சதவீதம் கூடியது, மற்றவற்றில் சுமார் 7. எந்தச் சிகிச்சையும் தராதபோதும் அதே 7 தான். மனம் தேறியதாகச் சொல்லும், நுரையீரல் தேறியிருக்காது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

பாம்பன்காரன்:
இது சரியான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கனிவு மருந்துக்குப் பதில் என்று நான் எங்கே சொன்னேன்? நிஜ மருந்து வேலை செய்யவே நோயாளி உண்மையைச் சொல்ல வேண்டும். திட்டுக்குப் பயந்தவர் "மாத்திரை ஒழுங்காப் போடுறேன்" என்றுதான் சொல்வார். டாக்டர் அதை நம்பி டோஸைக் கூட்டுவார். இன்னொன்று, ஆஸ்பத்திரி பதற்றத்திலேயே சிலருக்கு பிரஷர் ஏறிக் காட்டும். அந்தக் கணக்கை வைத்து மாத்திரையைக் கூட்டினால் படகில் நிற்கும்போது தலை சுற்றும். நடுக்கடலில் தலை சுற்றி விழுந்தால் என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா? பயமுறுத்தி வாங்கும் பதிலை வைத்து வைத்தியம் பார்ப்பது, கெட்டுப்போன திசைகாட்டியை நம்பிக் கடலுக்குப் போவது போல.

மண்டபம் செவிலி:
வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது ஒவ்வொருவரின் மனதையும் எப்படித் திறப்பது என்று நீயே சொல். ஆளே போடாமல் கனிவை மட்டும் எங்களிடம் கேட்டால் அது அநியாயம். எங்களுக்கு மேலே இருப்பவர்கள் எங்களை ஏசுவதைப் பற்றி ஒருவரும் இங்கே எழுதுவதில்லை.

கீழக்கரை மாணவி:
ஆள் பற்றாக்குறை உண்மைதான் அக்கா. ஆனாலும் "ஏன் வரல?" என்பதற்குப் பதில் "எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போச்சு?" என்று கேட்க அதே நேரம்தான் ஆகும். முதல் கேள்விக்குச் சாக்குதான் வரும், இரண்டாவதுக்குக் கணக்கு வரும்.

ராம்நாடு லேப்:
கேள்வியை மாற்றலாம், சரி. அதைவிட முதலில் மாத்திரை கொடுக்கும் நாளை மாற்றுங்கள். விசைப்படகுக்காரர் காலையில் போனால் மறுநாள்தான் கரைக்கு வருவார். மாத்திரை கொடுக்கும் நாளும் கடலுக்குப் போகும் நாளும் ஒன்றாக இருந்தால் அவர் எப்படி வருவார்? பாசி எடுக்கும் பெண்களுக்கும் காலை நேரம்தான் வேலை.

மண்டபம் செவிலி:
இதைக் கேட்டால் நியாயம். வாரத்தில் ஒரு நாள் சாயங்கால ஓ.பி., அதற்குத் தனியாக ஒரு ஆள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். அப்போது எல்லோருக்கும் காலைக் கழுவிப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துவிடலாம். மனு எழுதுங்கள் தம்பி, ஆள் வேண்டும் என்ற வரியை மேலே போடுங்கள்.

பாம்பன்காரன்:
எழுதுகிறேன் அக்கா. வரிசையில் வைத்துச் சத்தம் போடக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கும்.