புதுப்பிப்பு: கண்டாங்கிக் கட்டமும் சுங்குடிப் புள்ளியும்

கட்டம் போட்ட செட்டிநாட்டுச் சேலையான பாட்டியின் கடுகு மஞ்சள் கண்டாங்கிக்கு, புள்ளி போட்ட மதுரைத் துணியான சுங்குடியில் ரவிக்கை தைத்து, 1950களின் சாயலில் உடுத்தலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கட்டமும் புள்ளியும் மோதிக்கொள்ளும் என்று சிலர் எச்சரித்திருந்தீர்கள். அந்த எச்சரிக்கை பாதி உண்மையானது.

முதலில் தைத்த ரவிக்கையின் புள்ளிகள் ஏறக்குறைய சேலைக் கட்டங்களின் அளவிலேயே இருந்ததால், பார்வை எதிலும் நிலைகொள்ளவில்லை. பிறகு சேலையின் அகன்ற கரையில் உள்ள அதே அரக்குச் சிவப்பில், மிளகளவே உள்ள புள்ளிகளோடு மதுரைச் சுங்குடி வாங்கி, பஃப் கை வைத்து மறுபடி தைத்தேன். நிறம் ஒன்றாகவும் அளவு வேறாகவும் அமைந்தவுடன் இரண்டும் இயல்பாகவே இணங்கிவிட்டன.

கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்ப்பதால் சுங்குடியின் புள்ளிகள் முழு வட்டமாக இருப்பதில்லை. அந்தச் சிறு நெளிவுதான் தறியில் நெய்த கட்டங்களின் விறைப்பைத் தணிக்கிறது என்பது என் கருத்து. அச்சிட்ட புள்ளித் துணியையும் சேலைமேல் வைத்துப் பார்த்தேன், அந்த மென்மை கிடைக்கவில்லை. (சுங்குடிக்கு 2005இலும் கண்டாங்கிக்கு 2019இலும் அந்தந்த ஊருக்கே உரியது என்பதற்கான புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், வாங்கும்போது அசலா என்று கேட்டு வாங்குங்கள்.)

ஞாயிறன்று திருமண வீட்டுக்கு இதையே உடுத்திச் சென்றேன். சேலையைக் கணுக்காலுக்குச் சற்று மேலே, செட்டிநாட்டு ஆச்சிகள் கட்டும் உயரத்தில் கட்டியிருந்தேன். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, பாட்டியைப் போலவே இருக்கிறாய் என்றார்.