மஞ்சளுக்கு மிளகு கட்டாயமா?

அதிமதுரம்: "மிளகு போடாத மஞ்சள் பால் வெறும் சாயத்தண்ணீர், ஆயுர்வேதமே சொல்கிறது" என்று கரிசாலை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. எந்த நூல் சொல்கிறது? ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், பிரமேகத்துக்கு, அதாவது நீரிழிவு போன்ற சிறுநீர் நோய்களுக்கு, வாக்படர் சொன்ன இணை மஞ்சளும் நெல்லிக்காயும். மிளகு எங்கே?

கரிசாலை: நானும் நூல் புரட்டியவன்தான். அரித்ரா கண்டம் என்ற மஞ்சள் மருந்தில் திரிகடுகம் சேர்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி. மிளகு இருக்கிறதா, இல்லையா?

அதிமதுரம்: அது அரிப்புக்கும் தடிப்புக்கும் கொடுக்கும் மருந்து. நெய், பால், சர்க்கரை என்று இன்னும் எத்தனையோ சரக்குகள் அதில் சேர்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு மிளகை மட்டும் பொறுக்கி எடுக்கிறீர்கள். நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது ஆயுர்வேதம் அல்ல, 1998-இல் வெளியான ஆய்வு. அதில் மஞ்சளின் நிறச்சத்தான குர்க்குமின் 2 கிராமுடன், மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த குர்க்குமினின் அளவு 20 மடங்கானது. மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் இருக்கிறது. 2 கிராம் வேண்டுமென்றால் 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். நீங்கள் பாலில் போடுவது அரைத் தேக்கரண்டி!

கரிசாலை: மிளகு இருக்கிறதா, இல்லையா என்று கேட்டேன். கணக்குப் பாடம் கேட்கவில்லை.

தும்பை: புண் ஆற்றும் மஞ்சளுக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இந்தியா எதிர்த்து வாதாடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அந்தப் பெருமையை விட்டுவிட்டு மிளகுக்கு அடித்துக்கொள்கிறீர்களே!

அதிமதுரம்: அந்தக் காப்புரிமையும் மஞ்சள்தூளுக்குத்தான், மிளகுக்கு அல்ல. தும்பை என் பக்கம்தான் பேசுகிறார்.

தும்பை: நான் யார் பக்கமும் இல்லை. போன மாதம் திப்பிலி விவாதத்திலும் இப்படித்தான் என் பேச்சைப் பிடுங்கி உங்கள் பேச்சாக்கிக்கொண்டீர்கள். நான் மறக்கவில்லை.

கரிசாலை: அன்று அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. இன்றும் சொல்லமாட்டார்.

அதிமதுரம்: திப்பிலிக்கு அன்றே மூன்று முறை பதில் எழுதினேன், படிக்கத்தான் ஆளில்லை. மஞ்சளுக்கு வாருங்கள். தூளைத் தண்ணீரில் கலக்குங்கள், அடியில் போய்ப் படியும். சூடான நெய்யில் போடுங்கள், நெய் முழுவதும் நிறம் இறங்கும். அதனால்தான் நெய்யையும் பாலையும் அனுபானமாக, அதாவது மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் துணையாக, வைத்தார்கள். புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடுகிறவர் மேலே மிளகையும் தூவுவாரா?

கரிசாலை: அரித்ரா கண்டத்தில் மிளகு இருக்கிறது. அதை மறுக்க முடியாமல்தான் புண்ணுக்கு ஓடுகிறீர்கள்.

அதிமதுரம்: இருக்கிறது என்பதை நான் எங்கே மறுத்தேன்? கட்டாயம் என்று எழுதிய வரியைக் காட்டுங்கள். அதுவரை விடமாட்டேன்.

கரிசாலை: மிளகு இருக்கிறது. அவ்வளவுதான்.