பெட்ரோல் டேங்க்ல பழைய லைனர் (உள்பூச்சு) உரிஞ்சு வருது, அடியில துரு வேற. எப்படி எடுக்கறது?

கிக்கர்_மட்டும்:
வணக்கம் மக்களே. பழைய கார்புரேட்டர் வண்டி ஒண்ணு கைக்கு வந்திருக்கு, இன்ஜின் அருமையா இருக்கு ஆனா டேங்க் தான் உயிரை எடுக்குது. முன்னாடி வச்சிருந்த யாரோ உள்ள லைனர் ஊத்தி விட்டிருக்காங்க, இப்போ அது வெயில்ல காஞ்ச தோல் உரியற மாதிரி பெரிய பெரிய ஏடா தொங்குது. டார்ச் அடிச்சு பாத்தா உரிஞ்ச இடத்துல எல்லாம் துரு. பெட்காக் (பெட்ரோல் திறந்து மூடற குழாய்) கழட்டினா சல்லடை முழுக்க பழுப்பு சேறு, நடுவுல லைனர் துணுக்கு. வண்டி கொஞ்ச தூரம் நல்லா போகும், அப்புறம் பெட்ரோல் தீந்த மாதிரி திணறி நின்னுடும், ஓரமா போட்டு சும்மா உக்காந்துட்டு திரும்ப உதைச்சா கிளம்பிடும்.
ஆசிட் ஊத்தினா லைனரும் துருவும் சேந்தே வந்துடுமா? வெளிய பெயிண்ட் கம்பெனி பெயிண்ட், அது கெடக்கூடாது. எல்லாம் எடுத்த பிறகு புதுசா லைனர் கட்டாயம் போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்14:
ஆசிட் லைனரை ஒண்ணும் பண்ணாது ப்ரோ. நல்லா இறுகின எபாக்ஸிக்கு (லைனரா ஊத்தற பிசின்) சிட்ரிக், வினிகர் எல்லாம் பச்சத்தண்ணி மாதிரி தான். லைனர் மூடியிருக்கற இடத்துல அடியில துரு அப்படியே உக்காந்திருக்கும், மேல உங்களுக்கு பளபளன்னு தெரியும், கொஞ்ச நாள்ல மறுபடி ஏடு ஏடா வரும். அதனால முதல்ல லைனர், அது முழுசா போன பிறகு தான் துரு. பாதி எடுத்துட்டு மீதிய விட்டு வைக்கறது ஒண்ணும் எடுக்காம இருக்கறத விட மோசம், ஓரம் எல்லாம் தூக்கிட்டு நிக்கும், அதுக்குள்ள தண்ணி போய் தங்கும்.
எந்த கெமிக்கல் வேலை செய்யும்னு டேங்க்ல ஊத்தி பாக்காதீங்க. உரிஞ்ச துணுக்கு ரெண்ட எடுத்து ரெண்டு கண்ணாடி பாட்டில்ல போடுங்க, ஒண்ணுல அசிட்டோன், இன்னொண்ணுல எம்ஈகே (மெத்தில் எத்தில் கீட்டோன், அசிட்டோன் மாதிரி இன்னொரு கரைப்பான்). மூடி வச்சிட்டு மறுநாள் எடுத்து விரல்ல (கையுறையோட) வளைச்சு பாருங்க. ரப்பர் மாதிரி வளைஞ்சா, இல்ல ஊதி சுருண்டு இருந்தா போதும், கரையணும்னு அவசியமே இல்ல. எபாக்ஸி பொதுவா கரையாது, ஊதும், ஊதினா இரும்ப விட்டு பிடி தளரும், நமக்கு வேண்டியது அவ்வளவு தான்.
ரெண்டுலயும் அசையலன்னா தான் மெத்திலீன் குளோரைடு இருக்கற பெயிண்ட் ரிமூவர் பத்தி யோசிக்கணும். வேலை பயங்கரமா செய்யும், ஆனா விளையாட்டு இல்ல. சுமார் 40 டிகிரிலயே கொதிக்கற சரக்கு, வெயில்ல மூடின டேங்க்குள்ள பிரஷர் ஏறி மூடிய திறக்கும்போது மூஞ்சில பீச்சும். ஆவி காத்த விட கனம், கீழயே தங்கும், உடம்புக்குள்ள போனா கார்பன் மோனாக்சைடா மாறும். சாதா நைட்ரைல் கையுறைய சில நிமிஷத்துல ஊடுருவிடும். மூடின ரூம்ல இதால ஆளே செத்திருக்காங்க, அமெரிக்காவுல 2019ல பொதுமக்களுக்கு இந்த வகை ரிமூவர் விக்கறதையே தடை பண்ணிட்டாங்க. திறந்த வெளி இல்லன்னா தொடாதீங்க.
எதுவா இருந்தாலும் முதல்ல பெட்காக், ஃப்ளோட் சென்சார் (பெட்ரோல் அளவு பாக்கறது), மூடி எல்லாம் கழட்டிடுங்க. பெட்காக் ஓட்டைக்கு ரப்பர் ஷீட் வச்சு மேல இரும்பு பிளேட் போட்டு டைட் பண்ணுங்க, அலுமினியம் பிளேட் வேண்டாம், பின்னாடி ஆசிட் ஊத்தும்போது அரிக்கும். பெயிண்ட்டுக்கு வர்ற கேடு முக்கால்வாசி டேங்க் வாய் ஓரத்துல சிந்தறதால தான் வருது. வாய சுத்தி நல்ல டேப் ஒட்டி, மிச்சத்த பிளாஸ்டிக்ல சுத்தி, ஊத்தறதுக்கு நீளமான புனல் வச்சுக்கங்க. அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலும் துடைக்கக்கூடாது, துடைச்சா இழுத்துக்கிட்டு போகும், ஒத்தி எடுங்க.

டூஸ்ட்ரோக்_புகை:
நின்னு நின்னு போறதுக்கு லைனர் மட்டும் காரணமா இல்லாம இருக்கலாம். மூடில காத்து போற சின்ன ஓட்டை அடைச்சிருந்தாலும் இதே கதை தான். அடுத்த தடவ திணறும்போது மூடிய திறந்து பாருங்க, உஸ்ஸுனு காத்து உள்ள இழுத்து வண்டி உடனே கிளம்பினா ஆள் மூடி தான்.

கிக்கர்_மட்டும்:
மூடி பாத்தேன், அதுல பிரச்சனை இல்ல. பாட்டில் டெஸ்ட்ல அசிட்டோன்லயே துணுக்கு நூடுல்ஸ் மாதிரி ஆயிடுச்சு அண்ணா, எம்ஈகே தேவைப்படல. டேங்க்ல அசிட்டோன் ஊத்தி ராத்திரி ஒரு பக்கம் பகல்ல ஒரு பக்கம்னு திருப்பி திருப்பி வச்சேன், வளைச்ச கம்பியால இழுத்தா கை அகலத்துக்கு ஏடு வருது, பாக்கவே ஒரு சந்தோஷம். ஆனா பிரேம் மேல உக்கார நடுவுல குடைஞ்ச மாதிரி மேடு இருக்கு இல்ல, அதுக்கு ரெண்டு பக்கமும் கம்பி எட்டல. அது வந்தா அடுத்து துரு. டாய்லெட் கழுவற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினா சீக்கிரம் முடியும்னு ஒருத்தர் சொன்னாரு, ஊத்தலாமா?

பழைய_இரும்பு:
வேண்டவே வேண்டாம் தம்பி. அது துருவ தின்னுட்டு நிக்காது, நல்ல தகட்டையும் தின்னும். அதோட புகை பக்கத்துல இருக்கற ஸ்பேனர் எல்லாத்தையும் துருப்பிடிக்க வைக்கும். கழுவி கவுத்தி வைக்கறதுக்குள்ள உள்ள மறுபடி ஆரஞ்சு கலர் வந்து நிக்கும்.
எட்டாத இடத்துக்கு: கொஞ்சம் அசிட்டோனோட ஒரு பழைய செயின் துண்டு, ஒரு கை நிறைய நட்டு போட்டு, டேங்க்க பழைய போர்வையில சுத்தி குலுக்குங்க. நட்டு எத்தனை போட்டீங்களோ எழுதி வச்சுக்கங்க, அத்தனையும் வெளிய வரணும். ஓ ரிங் வச்ச செயின் போடாதீங்க, ரப்பர் ஊறி கரைஞ்சு அது தனி தலைவலி. துரு எடுக்கற ஆசிட்லயும் நட்டு போடறதா இருந்தா துத்தநாக பூச்சு இல்லாத கருப்பு நட்டா போடுங்க, இல்லன்னா ஆசிட் துருவ விட்டுட்டு அந்த பூச்சைத்தான் முதல்ல தின்னும்.
லைனர் போனதும் சோப்பு தண்ணில நல்லா அலசுங்க, எண்ணெய் பசை இருந்தா ஆசிட் ஒட்டாது. அப்புறம் சிட்ரிக் ஆசிட் பவுடர், லிட்டருக்கு 50லருந்து 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு வாய் வரைக்கும் ரொப்புங்க. பாதி ரொப்பினா தண்ணியும் காத்தும் சேர்ற கோட்டுல தான் அதிகமா அரிக்கும், மேல் தகட்டுல இருக்கற துருவும் அப்படியே நிக்கும். மூடிய இறுக்கி மூடாதீங்க, ஹைட்ரஜன் குமிழி வரும், பக்கத்துல பீடி சிகரெட் கூடாது. ஒரு நாள் போதும், நடுவுல டார்ச் அடிச்சு பாத்துக்கிட்டே இருங்க, சாம்பல் கலர்ல தகடு தெரிஞ்சதும் வெளிய எடுத்துடணும், ஊறட்டும்னு வாரக்கணக்குல விடற வேலை இல்ல.
இதுக்கு பிறகு தான் எல்லாரும் கோட்டை விடற இடம். கொட்டினதும் தண்ணில அலசி, சமையல் சோடா கரைச்ச தண்ணில ஒரு தடவ அலசி, திரும்ப தண்ணி, உடனே காய வைக்கணும். ஈர இரும்பு நிமிஷ கணக்குல துருப்பிடிக்கும். சூடான காத்து அடிச்சா நல்லது, ஆனா டேங்க்ல பெட்ரோல் வாசனையோ அசிட்டோன் வாசனையோ துளி இருந்தாலும் ஹேர் டிரையர கிட்ட கொண்டு போகாதீங்க, உள்ள இருக்கற ஆவிக்கு ஒரு பொறி போதும். காஞ்சதும் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஊத்தி எல்லா பக்கமும் படற மாதிரி உருட்டி விடுங்க.

வோல்ட்_மீட்டர்:
ஆசிட் பிடிக்காதவங்களுக்கு கரண்ட் வழியும் இருக்கு. வாஷிங் சோடா கரைச்ச தண்ணி ரொப்பி, டேங்க்குக்கு நெகட்டிவ், நடுவுல தொங்கற சாதா இரும்பு கம்பிக்கு பாசிட்டிவ், 12 வோல்ட். நல்ல தகட்ட இது தொடாது, அது பெரிய லாபம். கம்பி டேங்க்ல முட்டக்கூடாது, முட்டினா ஷார்ட். ஸ்டெயின்லெஸ் கம்பி வேண்டவே வேண்டாம், குரோமியம் விஷமா தண்ணில இறங்கும். சோடாவுக்கு பதிலா உப்பு போட்டா குளோரின் வரும். கம்பிக்கு நேரா தெரியற இடத்துல தான் நல்லா வேலை செய்யும், அதனால உங்க டேங்க்ல நடு மேட்டுக்கு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி தொங்க விடணும். லைனர் ஒட்டியிருக்கற இடத்துல கரண்ட் போகவே போகாது, அந்த விஷயத்துல ஸ்பேனர்14 சொன்னது இதுக்கும் பொருந்தும். கிளிப்ப கழட்டறதுக்கு முன்னாடி சார்ஜர ஆஃப் பண்ணுங்க, மேல ஹைட்ரஜன் இருக்கும்.

கிக்கர்_மட்டும்:
சிட்ரிக்லயே போனேன், உள்ள சுத்தமா சாம்பல் கலர். ஆனா அடியில தையல் ஓரத்துல பெட்ரோல் ஈரம் லேசா தெரியுது, முன்னாடி இல்ல. ஆசிட் ஓட்டை போட்டுடுச்சா? இப்போ லைனர் போட்டு தான் ஆகணுமா?

ஸ்பேனர்14:
ஓட்டை முன்னாடியே இருந்திருக்கும் ப்ரோ, துரு அடைச்சு வச்சிருந்துச்சு, இப்போ துரு போனதும் தெரியுது. எப்பவும் அந்த ஓரத்துல தான் வரும். பெட்ரோல் விட தண்ணி கனம், அடியில போய் உக்காரும், பெட்காக் அதுக்கு கொஞ்சம் மேல இருக்கறதால வெளியவும் வராது. எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி கொஞ்சம் கரைஞ்சு இன்ஜினுக்கு போயிடும், அளவு மீறினா எத்தனாலையும் இழுத்துக்கிட்டு பிரிஞ்சு அடியில இறங்கிடும். இ10 (பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தாங்கறது சுமார் அரை சதவீதம் தண்ணி தான்.
ஒண்ணு ரெண்டு ஊசி முனை ஓட்டைன்னா டேங்க் வேலை மட்டும் பாக்கறவர்கிட்ட கொடுத்து சால்டர் வைக்க சொல்லுங்க. காலி டேங்க் தானேன்னு யாரையும் அப்படியே வெல்டிங் பண்ண விடாதீங்க, ரொப்பின டேங்க்க விட ஆவி நிறைஞ்ச காலி டேங்க் தான் வெடிக்கும். ஓரம் முழுக்க சல்லடையா இருந்தா தான் லைனர், அதுவும் எத்தனால் தாங்கும்னு டப்பாவுலயே எழுதியிருக்கறது. தகடு நல்லா இருந்தா லைனரே வேண்டாம், நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தா போதும். முதல் ரெண்டு மூணு தடவ ரொப்பும்போது லைன்ல ஒரு ஃபில்டர் போட்டு, கார்புரேட்டர் அடியில இருக்கற ஃப்ளோட் கிண்ணத்தோட டிரெயின் ஸ்க்ரூவ திறந்து ஒரு கண்ணாடி கிளாஸ்ல பிடிச்சு பாருங்க. அதுல துணுக்கு வர்றது நிக்கற வரைக்கும் கார்புரேட்டர் டியூனிங்ல கை வைக்காதீங்க.