சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் நானும் அம்மாவும் சுங்குடிச் சேலை தயாரிக்கிறோம். சாயம் காய்ந்து, கட்டிய நூலைச் சரக்கென்று இழுத்ததும் வெள்ளைப் புள்ளிகள் பூத்து நிற்கும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது அலுக்கவில்லை.

முதன்முறையாகச் சிங்கப்பூரிலிருந்து 40 சேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. சரக்கு இந்தியாவில் தயாரானது என்பதற்கு சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் கேட்கிறார்கள். வர்த்தக சங்கங்கள் அதைத் தருகின்றன, விண்ணப்பம் ஆன்லைனில் என்பது வரை தெரியும். 1924 முதல் இங்கே இருக்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கத்தில் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் கிடைக்குமா? ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான குறியீட்டு எண்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயார். வேறென்ன வேண்டும்? எத்தனை நாளாகும்?

அப்புறம், எங்களைப் போன்ற சின்னத் தொழிலுக்கு உறுப்பினரானால் வாங்குபவர் தொடர்பு, ஏற்றுமதிப் பயிற்சி கிடைக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அடுத்த வாரம் சரக்கு கிளம்ப வேண்டும்.