ஆங்சைட்டி: கவலையா, பதற்றமா, பதகளிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உளவியலில் வரும் ஆங்சைட்டி (anxiety) என்பதற்குத் தமிழில் கவலை என்றே எழுதிவிடலாம் என்று இவ்விழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பொதுமைப்பட்ட ஆங்சைட்டி நோய்க்கு (generalized anxiety disorder) அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு வகுத்துள்ள முதல் அளவுகோலிலேயே ஆங்சைட்டி, வொரி (worry) ஆகிய இரு சொற்களும் அருகருகே வருகின்றன. இவ்விரண்டும் அளவுக்கு மீறி, குறைந்தது 6 மாதக் காலம், பெரும்பாலான நாள்களில் இருந்தாக வேண்டும் என்பது அதன் வரையறை. பரிந்துரையின்படி மொழிபெயர்த்தால் "மிகையான கவலையும் கவலையும்" என்றுதான் எழுத நேரும்.

வொரி என்பதற்குக் கவலை மிகப் பொருத்தமான சொல். மகளின் திருமணம், வட்டி ஏறும் கடன், பெய்யாத மழை என்று கவலைக்கு எப்போதும் சொல்லத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது எண்ணத்தில் ஓடுவது. சங்கப் பாடல்களில் கவலை என்பது கிளைபிரியும் வழியையும் குறிக்கிறது என்பதை நினைத்தால், இப்படியா அப்படியா என்று மனம் இழுபடுவதற்கு இதைவிட நல்ல சொல் அமையாது.

ஆங்சைட்டியோ எண்ணத்தோடு உடலையும் பற்றுவது. அச்சொல்லின் இலத்தீன் வேர் நெரித்தலைக் குறிப்பது. "நெஞ்சு அடைக்கிறது, படபடவென்று வருகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று நம்மவர்கள் மருத்துவரிடம் சொல்வது இதைத்தான்.

அச்சம் என்பதும் பொருந்தாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்கிறது. தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்று நான்கும் எதிரே நிற்கும் பொருள்கள். அச்சத்துக்குப் பொருள் உண்டு, ஆங்சைட்டிக்குத் திட்டமான பொருள் இல்லை என்று டென்மார்க்கு மெய்யியலாளர் கீர்க்கெகோர் 1844-இல் வகுத்த வேறுபாட்டுக்கு வேண்டிய ஒரு பாதி நம் இலக்கணத்தில் முன்பே தெளிவாக இருக்கிறது. மறுபாதிக்குத்தான் சொல் வேண்டும்.

தமிழகத்தில் பரவலாக வழங்கும் பதற்றத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "எல்லையில் பதற்றம்", "இரு தரப்பினரிடையே மோதல், ஊரில் பதற்றம்" என்று நாளிதழ்கள் அதை நாள்தோறும் வேறு வேலைக்கு அமர்த்தியுள்ளன. மேலும், பதற்றம் சட்டென்று எழுந்து அடங்குவது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்து உறக்கத்தைக் கெடுத்துத் தசைகளை இறுக்கும் நிலையைச் சொல்ல அது போதவில்லை. மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்கும் எழுதிப் படிப்பவர்களைக் குழப்பியது போல இங்கும் நேரக்கூடாது.

ஆகவே, ஈழத்து உளநல எழுத்துகளில் வழங்கிவரும் பதகளிப்பு என்பதையே நாம் அனைவரும் ஏற்கலாம் என்று முன்மொழிகிறேன். யாழ்ப்பாணப் பேச்சில் "பதகளிச்சுப் போனான்" (பதைபதைத்துப் போனான்) என்று உயிரோடு இருக்கும் வினை அது. பதகளிப்பு நோய், சமூகப் பதகளிப்பு, பதகளிப்பு அளவுகோல் என்று தொடர்களும் இடறாமல் அமைகின்றன. பேனிக் (panic) என்பதற்குப் பீதி தனியே இருக்கிறது. அதை இதனுடன் கலக்க வேண்டியதில்லை.

இச்சொல்லை அறியாத தமிழக வாசகர் காதில் "களிப்பு" என்ற ஒலி மகிழ்ச்சியை நினைவூட்டும் என்ற மறுப்பு வலுவானது. பாடநூலிலும் கட்டுரையிலும் முதலில் வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் இது தீரும். நோயாளியிடம் நீட்டும் வினாப்படிவத்துக்கு அது உதவாது, அங்கே கலைச்சொல்லையே தவிர்த்து, "காரணமில்லாமல் படபடப்பு வருகிறதா?", "கவலைப்படுவதை நிறுத்த முடியாமல் இருக்கிறதா?" என்று கேட்பதே முறை. மருத்துவமனைகளில் பணியாற்றும் நண்பர்கள், நோயாளிகள் இந்நிலைக்குத் தாமாகவே சொல்லும் வட்டாரச் சொற்களை இவ்விழையில் பதிந்தால் அவ்வினாக்களைச் செம்மைப்படுத்தலாம்.